தந்தை இன்னார் எனத் தெரிக்கும் சோதனை

ஒரு குழந்தையின் தாய் இன்னாள் என்பதைப் பிரசவ காலத்தில் உடனிருந்தோர் கண்ணாற் கண்டு சொல்லலாம். தந்தை இன்னான் என்பதற்கோ நெடுங்காலம் வாய்ச்சொல்லும் முகச்சாயலுமே சான்றாக நின்றன. இந்த ஐயப்பாட்டை விஞ்ஞானம் எங்ஙனம் நீக்குகின்றது என்பதைச் சுருங்கக் கூறுவாம்.

இதன் அடிப்படை ஒரு கழித்தற் கணக்கேயாம். குழந்தை பெற்ற மரபுக் கூறுகளில் தாய் தந்த பாதியைக் கழித்துவிடின், எஞ்சிய பாதி தந்தை தந்ததாதல் வேண்டும். அது குறிப்பிட்ட ஆடவனிடத்தில் உண்டா, இல்லையா என்பதே வினா.

முதலில் இரத்த வகுப்புகளைக்கொண்டு இக்கணக்கைச் செய்தனர். நடிகர் சார்லி சாப்ளின்மீது கலிபோர்னியாவில் 1943-ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட வழக்கு இதற்குத் தக்க உதாரணம். குழந்தையின் இரத்தம் பி வகுப்பு, தாயினது ஏ, சாப்ளினது ஓ. தாயிடத்தில்லாத பி தந்தையிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். ஓ வகுப்பினரிடம் அஃது இல்லை. ஆகவே அவர் தந்தையல்லர் என்பது தெளிவு. ஆயினும் அந்நாட்டுச் சட்டம் அச்சோதனையை முடிந்த முடிபாகக் கொள்ளாமையால், 1945-இல் ஜூரிகள் அவரையே தந்தையெனத் தீர்த்தனர்!

நிற்க. இரத்த வகுப்பு, ‘இவனல்லன்’ என்று சொல்லவல்லதேயன்றி, ‘இவனே’ என்று சொல்லவல்லதன்று. ஒரே வகுப்பினர் கோடிக்கணக்கில் உளரன்றோ? இக்குறையை நீக்க வந்தது டி.என்.ஏ. சோதனை. ஆளுக்கு ஆள் வேறுபடும் டி.என்.ஏ. அடையாளங்களை 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சர்வகலாசாலையில் அலெக் ஜெப்ரீஸ் என்பார் கண்டறிந்தார்.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்தெடுத்த உயிரணுக்களே இக்காலத்துச் சோதனைக்குப் போதும். டி.என்.ஏ.யின் சில இடங்களில் ஒரு சிறு தொடர் அடுத்தடுத்துப் பன்முறை வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோரிடத்திலும் ஒருவருக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு எண்கள் உண்டு. குழந்தைக்கு 7, 9 எனவும், தாய்க்கு 7, 8 எனவும் இருப்பின், 9 தந்தை தந்தது. குறிப்பிட்ட ஆடவனுக்கு 6, 10 இருப்பின், அவ்விடம் பொருந்தவில்லை. ஓரிடம் மட்டும் பொருந்தாமை தற்செயலான மரபு மாறுதலாலும் நேரலாம். பல இடங்கள் பொருந்தாவிடின் அவன் தந்தையல்லன்.

எல்லா இடங்களும் பொருந்தின் யாது முடிபு? ஓரிடத்தில் பத்து ஆடவரில் ஒருவரே பொருந்துவரெனக் கொள்வோம். மூன்றிடங்களிலும் பொருந்துவோர் ஆயிரத்தில் ஒருவர். ஆறிடங்களிலும் பொருந்துவோர் பத்து லட்சத்தில் ஒருவர். பதினைந்துக்கு மேற்பட்ட இடங்களை நோக்குவதால், ‘இவனே’ என்பது ஏறத்தாழ உறுதியாகின்றது. எனினும், அவனுடைய சகோதரன்மீதும் ஐயமுண்டாயின் மேலும் பல இடங்களை ஆராய்தல் வேண்டும். ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையரையோ இச்சோதனை வேறுபடுத்தாது.

சாப்ளின் வழக்கில் சோதனை கூறிய உண்மைக்குச் சட்டம் செவிசாய்க்கவில்லை. இக்காலத்திலோ, சோதனையை எளிதில் நாடுவதைக் குறித்து எச்சரிக்கை வேண்டற்பாலது. கேட்டவுடனே இரத்தச் சோதனைக்கு ஆணையிடலாகாதென்றும், அதனாற் குழந்தைக்கு நேரும் இழுக்கை முன்னர் நோக்கவேண்டுமென்றும் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1993-இல் கூறியது. பெரியோர் வழக்காட, அவ்வழக்கின் பயனை வாழ்நாள் முழுதும் சுமப்பது வாய்பேசாக் குழந்தையன்றோ? சோதனை செய்ய வல்லோரும் அதை வேண்டுவோரும் இதனை மறவாதிருத்தல் நன்று.