வில் வாங்குமுன் தோளைப் பாருங்கள்!

ஜாம்ஷெட்பூர்: இவ்வூர் டாடா வில்வித்தை அகாடமியில் பயின்ற தீபிகா குமாரி, 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர். அவரைப் போல் தம் பிள்ளையும் வர வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர், வில் வாங்குவதில் அவசரப்படலாகாது.

ஒலிம்பிக்கில் பயன்படுவது 'ரிக்கர்வ்' வில். முனைகள் முன்புறம் வளைந்திருக்கும். அதில் '66-24' என்று எழுதியிருந்தால், நீளம் 66 அங்குலம். நாணை 28 அங்குலம் இழுக்கும்போது 24 பவுண்டு பலம் தேவை என்று பொருள். ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும்.

பையனைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுங்கள். 60 அங்குலம் என்றால் அவன் இழுப்பது சுமார் 24 அங்குலம். ஆகவே அந்த வில் அவனுக்குச் சுமார் 16 பவுண்டுதான்.

"வளர்கிற பிள்ளை, பெரிதாகவே இருக்கட்டும்" என்று வாங்க இது சட்டை அல்ல. மிஞ்சிய பலமுள்ள வில்லை இழுப்பவன் முதுகை விட்டுவிட்டுத் தோளால் மல்லுக்கட்டுவான். குறி தவறும், தோளும் கெடும். நாணை முகவாய் வரை இழுத்துப் பத்து விநாடி நடுங்காமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேறு வில் கேளுங்கள்.

கழற்றி மாட்டும் வில்லே சிக்கனம். பலம் கூடக்கூட இரு தண்டுகளை மட்டும் மாற்றினால் போதும். நடுப்பிடி அப்படியே இருக்கும்.

அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. வில் முறியும்.