தட்டணுக்களும் இலைச்சாறும்

மழைக்காலம் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் டெங்குக் காய்ச்சலைப் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. “தட்டணு எவ்வளவு?” என்பதே நோயாளியைப் பார்க்க வருவோரின் முதற் கேள்வி. ஒருவர் பப்பாளி இலைச்சாறு கொடுக்கச் சொல்வார். மற்றொருவர் நிலவேம்பு என்பார். இவற்றைப் பற்றி நாம் தெளிவாக அறிந்திருப்பது நலம்.

தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரத்தம் வடியாமல் அடைப்பது இவற்றின் பணி. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாட்களே. டெங்குக் கிருமி மஜ்ஜையின் வேலையைக் குறைக்கிறது. இரத்தத்திலுள்ள தட்டணுக்களும் விரைவில் அழிகின்றன. நோய் தணியும்போது பெரும்பாலோருக்கு எண்ணிக்கை தானாகவே ஏறிவிடும்.

பழைய ஆயுர்வேத நூல்கள் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் எழுந்தவை. ஆகவே அவை தட்டணுவைக் கூறவில்லை. இரத்தம் கசியும் நோயை ‘இரத்தபித்தம்’ என்று கூறி, ஆடாதோடையைச் சிறந்த மருந்தாகக் காட்டின. காய்ச்சலுக்குச் சீந்திற் கொடியைப் பயன்படுத்தின. பப்பாளியோ அமெரிக்கக் கண்டத்து மரம். ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே நம் நாட்டிற்கு வந்தது.

நிலவேம்புக் குடிநீர் நம் சித்த மருத்துவத்தைச் சேர்ந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகிய ஒன்பதும் சேர்ந்த காய்ச்சல் மருந்து அது. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு இக்குடிநீரோடு பப்பாளி இலைச்சாற்றையும் மலைவேம்பு இலைச்சாற்றையும் வழங்க ஏற்பாடு செய்தது.

இவற்றால் பயன் உண்டா? பப்பாளி இலை தட்டணு எண்ணிக்கையைச் சற்று விரைவாக ஏற்றுவதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அது உயிரைக் காக்கும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. எண்ணிக்கை மட்டுமே நோயன்று. 20,000-க்குக் கீழே இறங்கியும் பெரிதாக இரத்தம் கசியாத பெரியவர்களுக்குத் தட்டணு ஏற்றுவதால் இரத்தக்கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

உண்மையான ஆபத்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் தளர்வதே. காய்ச்சல் விட்டது என்று நாம் மகிழும் நாளில்தான் பெரும்பாலும் அது தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், மாதவிலக்கில் மிகுந்த போக்கு, கைகால் சில்லிடுதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசப்புச் சாற்றைக் குடித்து வாந்தியெடுத்தால் உடலின் நீர் மேலும் குறையும். கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை நல்லவை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகள் கூடவே கூடா.

காய்ச்சலின்றியும் தட்டணு குறையலாம். தோலில் சிவந்த புள்ளிகளோ காரணமற்ற கன்றலோ கண்டால், சாறு கொடுத்துக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாட்டு மருந்தை விரும்புவோர் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையில் தகுந்த ஆலோசனை பெறலாம். உண்ணும் மருந்துகளை எல்லா மருத்துவரிடமும் மறையாது சொல்லவும் வேண்டும்.

மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்றும் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் ஒருங்கே கற்பிக்கிறது. மூலிகையைப் போற்றுவோம், மருத்துவரையும் நாடுவோம்.

டெங்குக் கொசு நம் ஊர் ஏரிகளில் அன்று, தண்ணீர்த் தட்டுப்பாட்டிற்கு அஞ்சி நாம் சேர்த்து வைக்கும் டிரம்மிலும் தொட்டியிலும், பழைய டயரிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை அவற்றைத் தேய்த்துக் கழுவி மூடி வைப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும்.