நிறத்தை வைப்பதா, நீக்குவதா?

நுரைச்சோலைக் கடற்கரையில் எடுத்த இயற்கைப் படத்தைத் திருத்தும்போது, நிறத்தை வைத்திருப்பதா கறுப்பு வெள்ளையாக்குவதா என்பதை, அந்தப் படம் எதைச் சொல்ல வருகிறது என்பதே தீர்மானிக்க வேண்டும். மீன்கொத்தியின் நீலம் போனால் அதன் அடையாளமே குன்றிவிடும். ஆனால் காற்று வரைந்த மணல் வரிகள் சாய்ந்த வெயிலில் ஒளி வேறுபாட்டாலேயே உருப்பெறுவதால், அங்கு நிறம் பெரும்பாலும் மிகையே. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தை மட்டும் இருட்டாக்கினால் வானம் கறுத்து, மேகமும் மணலும் எடுப்பாகத் தெரியும். பிலிம் காலத்தில் லென்ஸின் முன் பொருத்தி நீல ஒளியைத் தடுத்த சிவப்பு ஃபில்டர் செய்த வேலையும் இதுவே. சென்னையில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்து புகழ்பெற்றார். யானைத் தோலின் சுருக்கங்களைக் காட்ட நிறம் தேவைப்படவில்லை. ஐயமிருப்பின் மூலக்கோப்பை அழிக்காமல் இரு வடிவங்களையும் செய்து பார்ப்பது நல்லது. நிறத்தை நீக்கிச் சேமித்த படத்திலிருந்து அதை மீட்க இயலாது.