பழகிய இயங்குதளத்தை விட்டு நீங்கத் தயங்குதல்: தமிழ்க் கணினிப் பயன்பாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இயங்குதளத்திற்குரிய ஆதரவுக் காலம் முடிந்த பின்னரும் பயனர்கள் அதை விட்டு நீங்கத் தயங்குவது உலகெங்கும் காணப்படும் நிலையாகும். இத்தயக்கம் சோம்பலாலோ அறியாமையாலோ மட்டும் விளைவதன்று. பயனரின் கைப்பழக்கம், சேர்த்து வைத்த கோப்புகள், உடன் பணியாற்றுவோர் சூழல் ஆகிய மூன்றும் பழைய இயங்குதளத்தோடு பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். தமிழ்ப் பயனரிடத்தில் பழைய எழுத்துருக்களின் குறியேற்றம் இப்பிணைப்பை மேலும் இறுக்கியுள்ளது. கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னர் இயங்குதளத்தை மாற்றுவதே இழப்பில்லா வழி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: இயங்குதளம், விண்டோஸ், லினக்ஸ், எழுத்துரு, குறியேற்றம், ஒருங்குறி, தமிழ் 99

முன்னுரை

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்குதளத்திற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் நாள் நிறுத்தியது. அதற்குள் விஸ்டா, விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகிய மூன்று பதிப்புகள் வந்துவிட்டன. ஆயினும் ஆதரவு முடிவுற்ற காலத்தில் உலகின் மேசைக் கணினிகளுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை எக்ஸ்.பி.யிலேயே இயங்கின என நெட் அப்ளிகேஷன்ஸ் நிறுவனம் கணித்தது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றபோதும் இதே நிலை மீண்டும் எழுந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வன்பொருளை வேண்டுவதால், நன்றாக இயங்கும் பழைய கணினிகள் பலவும் அதற்குத் தகுதி பெறவில்லை. புதிய கணினி வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா, இருப்பதிலேயே தொடர்வதா என்னும் வினா கல்லூரித் துறைகளையும் ஆய்வாளர்களையும் எதிர்கொண்டு நிற்கிறது. இவ்வினாவிற்கு விடை காணத் தயக்கத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

தயக்கத்தின் இயல்பு

வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் செக்காசர் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பல தெரிவுகள் முன் நிற்கும்போது மனிதர் இருக்கும் நிலையையே தக்கவைக்க முனைகின்றனர் என்பதை நிறுவினர். இழப்பு தரும் வருத்தம் அதே அளவான ஆதாயம் தரும் மகிழ்ச்சியை விடப் பெரிது என்னும் கானமன், டிவெர்ஸ்கி ஆகியோரின் 1979ஆம் ஆண்டுக் கோட்பாடும் இதற்குத் துணை நிற்கிறது. புதிய இயங்குதளத்தின் நன்மை பின்னர் வருவது. பழகியதை இழக்கும் துன்பமோ முதல் நாளிலேயே வந்து சேர்வது.

ஜான் கரோல், மேரி பெத் ராசன் ஆகியோர் 1987இல் இதன் மற்றொரு கூற்றைச் சுட்டினர். கணினி முன் அமர்பவர் கணினியைக் கற்க அமர்வதில்லை. ஒரு வேலையை முடிக்கவே அமர்கிறார். நேரம் செலவிட்டுக் கற்றால் பின்னர் வேலை எளிதாகும் என்பதை அறிந்திருந்தும் அந்நேரத்தை அவர் ஒதுக்குவதில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய மாதத்தில் எந்த ஆய்வாளரும் புதிய இயங்குதளத்தை நிறுவ முன்வரார். அவர் நிலையில் அது பிழையான முடிவும் அன்று.

பயனர் எதிர்ப்பு உற்பத்தியாளரையே பின்வாங்கச் செய்ததும் உண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8, திரையின் கீழ் மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை நீக்கியது. கண்டனம் பெருகவே, 2013இல் வந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் மீண்டும் இடம்பெற்றது. அப்பொத்தான் வழியே செய்த வேலைகளை வேறு வழியிலும் செய்ய இயலும். ஆயினும் பல்லாண்டுப் பழக்கத்தால் கை தானே செல்லும் இடமாக அது இருந்தது.

கைப்பழக்கமும் தமிழ் விசைப்பலகையும்

தமிழில் கைப்பழக்கத்தின் பிடி இன்னும் வலிது. தட்டச்சுப்பொறியில் பயின்றவர் 'கெ' என்னும் எழுத்தை அடிக்கக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் தட்டுவார். கண் காணும் வரிசையே கையின் வரிசை. ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகப் பதிவாகின்றன. இது ஒலிக்கும் வரிசை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை ஒலிவரிசையையே பின்பற்றுகிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'அம்மா' என அடிக்க அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டுகள் போதும். முதல் மகரத்தின் மேல் புள்ளி தானே அமையும். கற்பதற்கு இது எளிது. எனினும் தட்டச்சுப்பொறி முறையிலோ பாமினி முறையிலோ விரைவு பெற்றவர்க்கு, மாறும் காலத்தில் அவ்விரைவு குறைந்தே தீரும். இக்குறைவைப் புதிய இயங்குதளத்தின் குறையாகவே அவர் உணர்வது இயல்பு.

கோப்புகளின் பிணைப்பு

கைப்பழக்கம் சில வாரங்களில் மாறிவிடும். கோப்புகளோ தாமே மாறுவதில்லை. ஒருங்குறி பரவும் முன்னர் உருவான தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தின. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் பதிவாகிறது. பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துத் தொடராகத் தோன்றும். தமிழக அலுவலகங்களில் புழங்கிய வானவில், அச்சகங்களில் புழங்கிய ஸ்ரீலிபி முதலானவற்றின் குறியேற்றங்கள் பாமினியிலிருந்து வேறானவை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்திய பின்னரும் பழையவை வழக்கொழியவில்லை.

ஒருங்குறி அப்போதே இருந்தும் பயனர் அதற்கு ஏன் மாறவில்லை என்னும் வினா எழலாம். இதற்கான விடையின் ஒரு பகுதி எக்ஸ்.பி.யிலேயே உள்ளது. விண்டோஸ் 2000 முதல் லதா என்னும் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு உடன் வந்தது. ஆனால் எக்ஸ்.பி.யில் ஒருங்குறித் தமிழ் செம்மையாக இயங்க, வட்டார அமைப்புப் பகுதிக்குச் சென்று அதற்குரிய கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. விஸ்டாவில்தான் இவ்வசதி இயல்பாகவே கிடைத்தது. மேலும், தமிழ் நூல் பக்க வடிவமைப்பில் பரவலாக வழங்கிய பேஜ்மேக்கர் மென்பொருள் 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றது. அது ஒருங்குறியை ஏற்பதில்லை. நூல் அச்சாக வேண்டுமெனில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தருவதே எளிதாயிற்று. இவ்வாறு எழுத்துரு, மென்பொருள், இயங்குதளம் ஆகியன ஒன்றையொன்று பற்றி நின்றன. தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆயினும் அதற்கு முன் சேர்ந்த கோப்புகள் பழைய நிலையிலேயே தங்கின.

உடனிருப்போர் சூழல்

தனியொருவர் மாற விரும்பினாலும் அவரைச் சூழ்ந்தோர் மாறாவிடில் அம்மாற்றம் நிலைப்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. லிமக்ஸ் என்னும் பெயரிலான அத்திட்டத்தில் ஏறத்தாழ 15,000 கணினிகள் பத்தாண்டுகளில் மாற்றப்பட்டன. அலுவலகக் கடித வார்ப்புருக்களைக் கையாளவே வோல்மக்ஸ் என்னும் தனி மென்பொருளை உருவாக்க நேர்ந்தது. வெளி அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் எழுந்த சிக்கல்கள், நிருவாக அமைப்பு, அரசியல் தலைமை மாற்றம் எனப் பல காரணங்கள் சேர்ந்தன. முடிவில் 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது.

கேரளப் பள்ளிகளின் அனுபவம் இதற்கு மாறானது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டு சென்றது. ஆசிரியர்க்குப் பயிற்சி, பாடநூல், தேர்வு ஆகிய மூன்றும் ஒரே இயங்குதளத்தைச் சார்ந்து அமைந்தன. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு மலையாள எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் லினக்ஸில் செம்மைப்படுத்தியது. அங்கு ஆசிரியர் தனியே மாறவில்லை. அவர் சூழலும் உடன் மாறியது. எனவே, ஒரு துறையில் ஒருவர் மட்டும் மாறுவதினும் ஆசிரியரும் மாணவரும் தட்டச்சு செய்வோரும் ஒரே கோப்பு வடிவத்திற்கு உடன்படுவது முதன்மையானது.

காலந்தாழ்த்துவதன் விலை

தயக்கம் நியாயமானது என்பதால் அதற்கு விலையில்லை எனக் கொள்ளலாகாது. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் 150 நாடுகளுக்கும் மேல் கணினிகளை முடக்கியது. அதற்கான பாதுகாப்புத் திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அத்திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகளே. ஆதரவு இழந்த இயங்குதளத்திற்கோ இத்தகைய திருத்தங்கள் வருவதே நின்றுவிடுகிறது.

ஆய்வுலகிற்கு மற்றோர் இழப்பும் உண்டு. பழைய எழுத்துருவிலிருந்து உருவாக்கிய பி.டி.எஃப். கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், தேடுபொறிக்கு அது தமிழன்று. அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. ஒரு மேற்கோளைப் படியெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையே வரும். சொல்லடைவு, தொகுப்பாய்வு முதலானவற்றுக்கும் அது பயன்படாது. பல்லாண்டு உழைப்பில் உருவான ஆய்வேடு இருந்தும் இல்லாததாகிவிடும். அதைத் திறக்கும் கடைசிக் கணினி பழுதானால் மீட்பது மேலும் அரிதாகும்.

மாறும் முறை

இக்காரணங்களால் இயங்குதளத்தை முதலில் மாற்றிவிட்டுக் கோப்புகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் வரிசை தமிழ்ப் பயனர்க்குப் பொருந்தாது. அதன் எதிர் வரிசையே பொருந்துவது.

முதலாவதாக, பழைய கணினி இயங்கும்போதே கோப்புகளையும் அவற்றுக்குரிய எழுத்துருக்களையும் படியெடுத்துக் காக்க வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்னும் பட்டியல் இன்றியமையாதது.

இரண்டாவதாக, எழுத்துரு மாற்றியின் துணையால் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றலாம். ஆனால் மாற்றியை முழுதும் நம்பலாகாது. வெறும் உரையாக மாற்றும்போது அடிக்குறிப்பும் பத்தி அமைப்பும் அழிதல் கூடும். இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் வடிவங்களாகச் சிதைதலும் உண்டு. தட்டச்சில் துணைக்காலுக்கு ரகரத்தை இட்டிருப்பின் அது ரகரமாகவே மாறும். 'ஔவை' என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவை' என அடித்திருந்தால், படிக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினியில் 'ஔவை' எனத் தேடுபவர்க்கு அது அகப்படாது. செய்யுள் மேற்கோள்களையும் கல்வெட்டுப் பாடங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும்.

மூன்றாவதாக, பழைய இயங்குதளத்திலேயே ஒருங்குறித் தட்டச்சைத் தொடங்கலாம். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலான மென்பொருள்கள் பாமினி விசைமுறையிலும் ஒருங்குறியைத் தருகின்றன. லினக்ஸில் தமிழ் 99, தட்டச்சுப்பொறி ஆகிய இரு முறைகளும் கிடைக்கின்றன. ஆகவே, குறியேற்றத்தை விடுவதற்காகக் கைப்பழக்கத்தையும் உடன் விட வேண்டியதில்லை.

நான்காவதாக, புதியதை நிறுவும் முன் சோதித்துப் பார்க்கலாம். சோதித்துப் பார்க்க இயலும் புதுமை விரைந்து பரவும் என்பது எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட புத்தாக்கப் பரவல் கோட்பாட்டின் கூறுகளுள் ஒன்று. உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களை விரலியிலிருந்தே இயக்கிப் பார்க்க இயலும்; கணினியில் உள்ள எதையும் அழிக்க வேண்டியதில்லை.

முடிவுரை

பழகிய இயங்குதளத்தை விடத் தயங்குபவர் உண்மையில் அவ்வியங்குதளத்தைப் பற்றி நிற்பதில்லை. அதனுள் தாம் சேர்த்த உழைப்பையே பற்றி நிற்கிறார். அவ்வுழைப்பு எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் இருப்பின் தயக்கத்தின் பெரும்பகுதி நீங்கும். எஞ்சுவது சில வாரக் கைப்பழக்கம் மட்டுமே. ஒருங்குறிக்கு மாறிய ஆய்வாளர்க்கு விண்டோஸோ லினக்ஸோ கருவி என்னும் அளவில் நின்றுவிடும். மாறாதவர்க்கு ஒவ்வோர் ஆதரவு முடிவும் தம் எழுத்தை இழக்கும் அச்சத்தோடு வரும். ஆகவே, தமிழ்த் துறைகள் புதிய கணினிகளுக்கு நிதி கோரும்போதே பழைய கோப்புகளை மாற்றி மெய்ப்பு நோக்கும் பணிக்கும் காலமும் ஆளும் ஒதுக்குதல் வேண்டும். அப்பணி தள்ளிப்போகுந்தோறும் அதைச் செய்யத் தெரிந்தவர்களும் அருகிவருவர்.