பி.எஸ்சி. கணிதம்: பெற்றோர் அறிய வேண்டியவை



பிளஸ் டூ முடிவு வந்ததும் சில வீடுகளில், "இன்ஜினியரிங் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. கணக்காவது படிக்கட்டும்" என்று முடிவெடுக்கிறார்கள். அப்படிச் சேரும் பிள்ளைகள் சிலர் முதல் செமஸ்டரிலேயே தடுமாறி, படிப்பை விடும் நிலைக்கு வருவதை நாம் பார்க்கிறோம்.

அதற்குக் காரணம் பிள்ளைக்கு அறிவில்லை என்பதல்ல. பாடத்தின் தன்மை மாறிவிடுவதுதான். பள்ளியில் சூத்திரத்தைப் போட்டு விடை கண்டால் போதும். கல்லூரியில் 'ஏன்' என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும் என்பது நமக்குத் தெரியும். 3-ம் 5-ம் 8. 7-ம் 9-ம் 16. ஆயிரம் முறை கூட்டிக் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது. எந்த ஒற்றை எண்ணையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். இரண்டு எண்களிலும் மிஞ்சிய ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஒரு ஜோடியாகிவிடும், மிச்சமில்லை. இது எல்லா ஒற்றை எண்களுக்கும் பொருந்தும். இதுவே நிரூபணம்.

மூன்று ஆண்டுகளில், 6 செமஸ்டர்களில், ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா போன்ற பாடங்கள் இவ்வழியிலேயே செல்லும். கைடை மனப்பாடம் செய்தால் பலன் குறைவு. அன்றைய பாடத்தை அன்றே, நோட்டை மூடிவைத்து எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலச் சொற்களுக்கும் பொருளுக்கும் தனி நோட்டு வைக்கட்டும். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் ஏசாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். மறுபடி எழுதித் தேறலாம்.

கணிதம் நமக்கு அந்நியமான கல்வியும் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. அந்நூலில் ஒரு பெரிய பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கு பிரிக்கும் கணக்குகளே.

படித்த பின் வழிகள் பல. பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். எம்.எஸ்சி. முடித்து நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' நுழைவுத் தேர்வு உண்டு. எம்.சி.ஏ. படிக்கலாம். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் இப்பட்டம் போதும். கணிதத்தில் மிகுந்த ஆர்வமுள்ள பிள்ளை, சென்னை அருகே சிறுசேரியிலுள்ள சென்னை கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கட்டும்.

கல்லூரியில் சேர்க்கும்போது, அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள். ஒரே கல்லூரியில் இரண்டும் இருக்கலாம்; உதவி பெறும் பிரிவில் கட்டணம் குறைவு.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படிப்பு நடக்கும்போதே நிக்காஹ் பேச்சு வந்தால், பட்டத்தை முடிக்க வைப்பதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் நின்றுபோன படிப்பைக் கொண்டு பி.எட்.டும் சேர முடியாது, பட்டம் கேட்கும் தேர்வும் எழுத முடியாது.

விண்ணப்பம் நிரப்பவும் உதவித்தொகை விவரம் அறியவும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு மதிப்பெண் பட்டியலுடன் வாருங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அதிகப்படுத்தித் தருவானாக! ஆமீன்.