கையடக்கத் தொலைபேசியும் உடல்நலமும்

புதுக் கருவியொன்று மக்கள் வாழ்விற் புகுங்காலை, அதனோடு அச்சமும் உடன்புகுதல் இயல்பு. 1973ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆந் திகதி நியூயோர்க் நகரத் தெருவொன்றில் மாட்டின் கூப்பர் என்னும் பொறியியலாளர் கையிலேந்திப் பேசிய தொலைபேசி, ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையதாய் இருந்தது. இன்று அது தலையணையின் கீழ்க் கிடக்கும் பொருளாயிற்று. அதனாற் புற்றுநோய் உண்டாகும் என்பர் ஒரு சாரார். அஃது வீண் அச்சம் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் விஞ்ஞானத்தையே சான்றுக்கு அழைத்தலின், அது கூறுவது யாதென நோக்குதல் தகும்.

கதிர்வீச்சு என்னுஞ் சொல்லே அச்சத்தின் முதற் காரணம். எக்சுக் கதிர், அணுவினின்று இலத்திரனை வெளியேற்றி உயிர்க்கலத்தின் டி.என்.ஏ.யைச் சிதைக்கவல்லது. அதற்கு ஏறத்தாழ 10 இலத்திரன்வோற்றுச் சத்தி வேண்டும். செக்கனுக்கு 90 கோடி மீடிறனுடைய தொலைபேசி அலையின் போட்டன் ஒன்றின் சத்தியோ, ஓர் இலத்திரன்வோற்றைப் பத்து இலட்சங் கூறாக்கின் அவற்றுள் நான்கு கூற்றுக்கும் சற்றுக் குறைவு. நாம் படிக்கும் விளக்கொளியின் போட்டன் இதனினும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு சத்தி வாய்ந்தது. போட்டன்கள் பலவாயின் என்னையெனின், ஆளுயர மதிலைத் தாண்டமாட்டாத சிறுவர் ஆயிரவர் கூடினும் அவருள் ஒருவரேனும் தாண்டுதல் இல்லையன்றோ? இவ்வலைகள் செய்வதாக ஐயமின்றி அறியப்பட்டது இழையத்தைச் சிறிது வெப்பமாக்குதலே. அவ்வெப்பத்திற்கும் எல்லை விதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் அது கிலோகிராமுக்கு 1.6 உவாற்று, வேறு பல நாடுகளில் 2 உவாற்று.

எனினும், தீங்கு விளையும் வழி தெரியவில்லை என்பது தீங்கில்லை என்பதற்கு நிறைந்த சான்றாகாது. ஆதலின் ஆய்வாளர் மக்களிடமே சென்றனர். 13 நாடுகளில் நிகழ்ந்த 'இன்டர்போன்' ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. மூளைக் கட்டி கொண்டோர் ஐயாயிரவருக்கு மேற்பட்டோரும், அவரோடு ஒப்பிடுதற்கு நோயற்றோரும் வினாவப்பட்டனர். முடிவோ விந்தையானது. தொலைபேசியை வழக்கமாகப் பயன்படுத்தியோரிடம் கட்டி குறைந்தே காணப்பட்டது. 1,640 மணித்தியாலத்துக்கு மேற் பேசியோரிடம் மட்டும் கிளையோமா என்னுங் கட்டி 40 வீதம் மிகுந்து காணப்பட்டது. முன்னையதை நம்பின் தொலைபேசி மருந்தாதல் வேண்டும்! தொலைபேசி இல்லாத நோயற்றோருட் பலர் ஆய்விற் பங்குகொள்ள மறுத்தமை முன்னைய பிழைக்குக் காரணமாகலாம். நோயுற்றோர் தம் நோய்க்குக் காரணந் தேடிப் பழையதை மிகைப்பட நினைவுகூர்தல் பின்னையதற்குக் காரணமாகலாம். நாள்தோறும் ஐந்து மணித்தியாலத்துக்கு மேற் பேசியதாகக் கூறினோரும் அவருள் இருந்தனர்.

நினைவை நம்பாது சந்தாப் பதிவுகளை நம்பிய தென்மார்க்கு ஆய்வு, 3,58,403 பேரை ஆராய்ந்து 2011இல் தீங்கு காணவில்லை என்றது. ஆயின் அதுவுங் குறையற்றதன்று. நிறுவனங்களின் பெயரிற் பெற்ற தொலைபேசியாற் பேசியோர், பேசாதோர் கூட்டத்திலே சேர்க்கப்பட்டுவிட்டனர்.

அவ்வாண்டிலேயே லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர்நிலை, இவ்வலைகளை '2பி' என்னும் வகுப்பிற் சேர்த்தது. 'புற்றுநோய் விளைத்தல் கூடும்' என்பது அவ்வகுப்பின் பொருள். பத்திரிகைகள் 'கூடும்' என்பதைக் கைவிட்டு ஏனையதை வெளியிட்டன. ஆசிய நாட்டு மரபுவழி மரக்கறி ஊறுகாயும் அவ்வகுப்பினதே. கோப்பியும் 2016 வரை அதிலிருந்தது. அவ்வகுப்பு சான்றின் வலிமையைக் குறிப்பதன்றித் தீங்கின் அளவைக் குறிப்பதன்று.

2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலம் உடல் முழுவதும் அலைபட்ட ஆண் எலிகளின் இதயத்திற் கட்டிகள் தோன்றின. பெண் எலிகளில் அவ்வாறு தெளிவாகக் காணப்படவில்லை. அலைபட்ட ஆண் எலிகள் அலைபடாதவற்றினும் நெடிது வாழ்ந்தன என்பதை, இவ்வாய்வை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலுங் கூறாதொழிவர். உலக சுகாதார தாபனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய 2024ஆம் ஆண்டுத் தொகுப்பு, மூளைப் புற்றுநோய்க்கும் தொலைபேசிக்குந் தொடர்பு காணவில்லை.

அலைபரப்புங் கோபுரத்தைக் கண்டு அஞ்சுவோர் ஒன்றை எண்ணுதல் நன்று. தூரம் இருமடங்காயின் அலையின் செறிவு நான்கிலொன்றாகக் குறையும். ஆதலின் காதோடு ஒட்டிய கருவியினின்றே தலைக்கு மிக்க அலை சேரும். கோபுரந் தொலைவில் இருப்பின் அக்கருவி தன் வலுவைக் கூட்டிக்கொண்டே பேசும். கோபுரத்தை அகற்றுமாறு முறைப்பாடு செய்வோர், அது அகன்றபின் முன்னையினும் மிக்க அலையைத் தலையில் ஏற்பவராவர். அஞ்சுவோர்க்கு எளிய வழி, கருவியைச் சிறிது விலக்கி ஒலிபெருக்கியிற் பேசுதல்.

இத்துணை ஆராய்ச்சியும் புற்றுநோயையே சுற்றி நிற்க, ஐயமற்ற தீங்குகள் பேசப்படாது கிடக்கின்றன. இரவில் ஒளித்திரையை நோக்குதல், உறக்கத்தை வருவிக்கும் மெலற்றோனின் சுரப்பைத் தாழ்த்தும். பரீட்சைக் காலத்து மாணவர் இதனையே நாடோறுஞ் செய்கின்றனர். வீதியில் நிகழ்வதோ இதனினுங் கொடிது. ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான சாரதிகள் 699 பேரின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரை, பேசும்போது மோதும் வாய்ப்பு நான்கு மடங்காகின்றது எனக் கண்டது. கையிற் பிடியாது பேசுங் கருவி கொண்டோர்க்கும் அவ்வாய்ப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. அவ்வாறிருந்தும், பல நாடுகளின் சட்டம் கையிற் பிடித்துப் பேசுதலை மட்டுமே இன்றுந் தடுக்கின்றது.