பருத்தி இலையில் பி.டி. மரபணு: கண்டறிவது எப்படி?

ஏன் சோதிக்க வேண்டும்?

பி.டி. பருத்தியும் சாதாரணப் பருத்தியும் பார்வைக்கு ஒன்றுதான். இந்தியா பி.டி. பருத்தியை அனுமதித்தது 2002 மார்ச்சில். ஆனால் 2001இலேயே குஜராத்தில் விற்ற ‘நவ்பாரத் 151’ விதையில் பி.டி. மரபணு இருந்ததைச் சோதனை வெளிப்படுத்தியது.

எப்படி?

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற மண் பாக்டீரியாவின் மரபணு, காய்ப்புழுவைக் கொல்லும் கிரை1ஏசி புரதத்தைச் செடியிலேயே உண்டாக்குகிறது. இலையை நசுக்கிய சாற்றில் சோதனைப் பட்டையை நனைத்தால், புரதம் இருக்கும்போது கூடுதலாக ஒரு கோடு தோன்றும். மரபணுவையே தேட பி.சி.ஆர். சோதனை: இலையின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்த மரபணுப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்குவார்கள். 30 சுழற்சிகளில் ஒரு பிரதி ஏறக்குறைய 100 கோடியாகப் பெருகும். பிறகு ஜெல்லில் தெளிவாகத் தெரியும்.

விதை வாங்கும் உழவர்களே, ரசீதையும் விதை உறையையும் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் எழுந்தால் வேளாண் அலுவலரிடம் சோதனை கேளுங்கள்.